மார்கழியில் ஒரு குடும்பப் படம்

மார்கழியில் எங்க பக்கம் கல்யாணம் கிடையாது. கல்யாண ஆல்பத்தை நம்பி இருக்கிற ஸ்டூடியோ அண்ணனுக்கு அப்போ குடும்பப் படம்தான் சோறு போடும். பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்ததும் வீடு வீடாகக் கூப்பிடுவாங்க. காலை ஏழரைக்கே நிற்க வைத்துவிடுவார். பனி வெயிலை வடிகட்டித் தருமாம். எட்டரைக்கு மேல எல்லாரும் கண்ணைச் சுருக்குவாங்களாம்.

பைக் பெட்டியில் கேமராவோடு ஒரு ஸ்பீக்கரும் வரும். இளையராஜான்னு நினைச்சா, பிங்க் ஃபிளாய்டு! 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' அவருக்கு உயிர். குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டை நினைச்சுச் செஞ்சது. ரெக்கார்டிங் நடக்கும்போது அந்த ஆளே வந்து நின்றாராம். கூட வாசிச்சவங்களுக்கே அடையாளம் தெரியலையாம். இதை எல்லா வீட்டிலும் சொல்வார். கிழவிகள் "பாவம்" என்பார்கள்.

எங்க வீட்டிலும் சொன்னார். கிணற்று முறைத் தகராறில் நானும் தம்பியும் பேசி மூணு வருஷம். அம்மாவுக்காக வந்திருந்தான். அம்மாவுக்கு ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றோம்.

"நெருங்கி வாங்க, ஃபிரேம்ல அடங்கல."

அடங்கும், எனக்குத் தெரியும். தோள் இடிக்கிற வரை அவர் விடவில்லை. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"எத்தனை பிரிண்ட்?"

நான் வாய் திறக்குமுன் தம்பி சொன்னான், "ரெண்டு போடுங்கண்ணா."

மோட்டார் முறைச் சண்டை இன்னும் தீரவில்லை. படம் ரெண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறது.