தப்பும் வயலினும்

மகள் பதினோராம் வகுப்புத் தேர்வெழுதி முடித்த ஏப்ரலில், கோடை விடுமுறையில் இசை கற்க விரும்புவதாகச் சொன்னாள். உயிரியல் பிரிவில் படிப்பவள். செவிலியர் படிப்புக்குத்தான் போவேன் என்பதில் உறுதியாக இருப்பவள். இசையைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. பிறகு எதற்கு வீண்செலவு என்றார்கள் உறவினர்கள். விடை தெரியாமலேயேதான் நாங்கள் பயிற்சி தேடப் புறப்பட்டோம்.

நெல்லியாளம் பெயருக்கு நகராட்சி. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள்தாம் ஊர். தமிழக அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகள் 17. அவற்றுள் ஒன்றும் நீலகிரியில் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே மூன்றாண்டுப் படிப்பு, ஒரு கோடைக்குள் அடங்காது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் நிறுவிய இசைப்பள்ளி தொடங்கிப் பல இடங்கள் உண்டு. கட்டணத்தோடு விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தோம். சமவெளியில் ஒரு நிலையம், ஒரே மாதத்தில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் முதல் தரத் தேர்வுக்குத் தயார் செய்வதாக வாக்களித்தது. மொத்தம் எட்டுத் தரங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான தரங்களுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளிகள் கிடைக்குமாம். இங்கே செவிலியர் கல்லூரியில் அந்தச் சான்றிதழை யார் கேட்கப் போகிறார்கள்? தேர்வுக்குரிய நான்கைந்து உருப்படிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பும் பிள்ளை, அடுத்த கோடைக்குள் அவற்றையும் மறந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தேடலெல்லாம் ஒப்புக்கு. எங்கள் மனத்துக்குள் முடிவு ஏற்கனவே இருந்தது.

எங்களில் ஒருவருடைய தந்தை, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கு அனுப்பப்பட்டவர். 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொண்டுவந்த சாமான்களுள் ஒரு தப்பும் இருந்தது. அங்கே விடியலில் ஆட்களை பெரட்டுக்கு அழைத்ததும் தப்புதான், மாசியில் காமன் கூத்து ஆடியதும் தப்போசைக்குத்தான். இங்கு வந்தபின் அவர் அதை இழவு வீடுகளில் மட்டுமே அடித்தார். வகுப்புத் தோழர்கள் வரும் நாள்களில் அதைச் சாக்கால் மூடி வைக்கும் பிள்ளையாக நாங்கள் வளர்ந்தோம். ஏன் மூடினோம் என்பதை இந்த ஊர்களின் சாதி அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தபோது இருவரும் கண்கலங்கினோம். மதுரைப் பக்கம் பத்து நாள் பறைப் பயிற்சி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், மகளுக்கு அதுவே என்று தீர்மானித்து, வெற்றிக் களிப்போடு அவளிடம் சொன்னோம்.

அவள் கேட்டது வயலின்.

அது வெள்ளைக்காரன் வாத்தியம் என்றோம். (பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே அது நம்முடையதாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாததா என்ன! தோற்கும் வாதத்தில் எதுவும் சொல்ல வரும்.) தாத்தாவின் நினைவுக்காகவாவது என்று இழுத்தோம். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க மூடி வச்சதுக்கு நான் ஏன்ப்பா அடிக்கணும்?"

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. அவளுக்குப் பறை இழிவென்று தோன்றியிருந்தால் சண்டையிட்டிருப்போம். அப்படித் தோன்றவில்லை என்பதுதான் எங்களை வாயடைக்க வைத்தது. எங்கள் வெட்கத்துக்கான பரிகாரத்தை அவளது ஒரே கோடையில் செய்துகொள்ளப் பார்த்திருக்கிறோம்.

அதன்பின் தேடியபோது கேள்வி மாறியிருந்தது. எந்த இடம் பெரியது என்பதை விட்டுவிட்டு, ஜூனில் பள்ளி திறந்த பிறகும் எது தொடரும் என்று பார்த்தோம். சேரம்பாடி வழியாகப் பேருந்தில் போனால் கேரள எல்லைக்கு அப்பால் சுல்தான் பத்தேரி. அங்கே ஓர் ஆசிரியை, மே மாதம் முழுவதும் தினமும், பிறகு சனிக்கிழமைதோறும் கற்றுத்தர இசைந்தார். ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தே சொல்லிக்கொடுக்கிறார். சரளி வரிசையை மற்றவர்களின் வில்லோடு ஒத்து இழுக்கும்போது மகளின் முகத்தில் தெரிந்த கவனத்தை, அவள் வேதியியல் படிக்கையில் நாங்கள் கண்டதில்லை. பழைய வயலின் ஒன்றும் அவர் மூலமாகவே கிடைத்தது.

மழைக்காலத்தில் இங்கே தப்பின் தோல் தொய்ந்துவிடும்; தீயில் காய்ச்சினால்தான் பேசும். அந்தப் பழக்கத்தில், ஈரம் ஏறிப் பிரடை திருக வராத வயலினையும் அடுப்பருகே வைக்கப் போனோம். ஆசிரியை தொலைபேசியிலேயே அலறினார்: வெப்பம் பட்டால் மரத்தின் ஒட்டு விட்டுவிடுமாம்.

போன சனிக்கிழமை மண் சரிந்து பேருந்து வரவில்லை. மகள் உள்ளறையில் ஜண்டை வரிசையை வாசித்தாள். இரண்டாம் கம்பி சுருதி சேரவில்லை. நிறுத்தி, பிரடையைத் திருகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.