படமும் துணியும்

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அவ்வூரைப் பெரிதும் தாக்கிய பின்னரும் தறியோசை அங்கு ஓய்ந்துவிடவில்லை. வினாயகபுரத்தில் வாழும் நாம் அவ்வூர்ச் சாரத்தையும் சேலையையும் தொட்டுப் பார்த்தே வாங்கிப் பழகியவர்கள். இன்றோ, துணி வருமுன் அதன் படம் கைபேசிக்கு வந்துவிடுகிறது.

2010இல் தோன்றிய இன்ஸ்டகிராம், நெசவாளர் தரகரின்றியே தொலைவிலுள்ளோர்க்கும் கடைவிரிக்க வழி திறந்துள்ளது. நன்றே. ஆயினும் படத்தில் நிறம் தெரிகிற அளவுக்கு நெசவு தெரிவதில்லை. விசைத்தறித் துணியும் கைத்தறித் துணியும் அங்கே இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். வேறுபாடு தெரியாவிடின் மலிவானதே விலைபோகும். பகலெல்லாம் தறியில் அமர்ந்தவர் தோற்றுப்போவார்.

ஆகவே, இத்தொழிலில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த முழுத்துணிப் படம், கரையையும் இழையையும் அண்மையிற் காட்டும் படம், தறி இயங்கும் காணொளி ஆகிய மூன்றையும் ஒரே பதிவில் இடுங்கள். நூலின் வகை, நீளம், விலை ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரி' மட்டும் போதாது. சாயத்தில் குறையிருப்பின் அதனையும் மறைக்காதீர்கள். வாங்கியவர் ஏமாந்தால் அவர் பழிப்பது ஒரு கடையை மட்டுமன்று. மருதமுனைத் தறிகள் அனைத்தையுமே அன்றோ?