மெதுவா ஏறுலே மக்கா!

வேகமா போறவன் தோத்துப் போற விளையாட்டு ஒண்ணு இருக்கு, தெரியுமா?

ரிமோட் கார்னு சொன்னதும் உங்க கண்ணு முன்னாடி என்ன வரும்? 'சர்ர்ர்'னு பறந்து, சுவத்துல முட்டி, மல்லாக்கக் கிடக்கிற ஒரு சிவப்பு கார்தானே? இது அது இல்லைங்க. இதுக்குப் பேரு 'ராக் க்ராலர்'. பாறை மேல பல்லி மாதிரி ஊர்ந்து ஏறுற குட்டி ஜீப். இதுல போட்டி வெச்சா வேகத்துக்கு மார்க் கிடையாது. பாறைகளுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு குச்சியா நட்டு 'கேட்' வெச்சிருப்பாங்க. குச்சியில இடிச்சா பெனால்டி. ரிவர்ஸ் எடுத்தா பெனால்டி. கவுந்தா பெனால்டி. கடைசியில யாரு பாயின்ட் கம்மியோ, அவருதான் வின்னர்!

"அமெரிக்காக்காரன் விளையாட்டு பாஸ் இது, சங்கரன்கோவில்ல உனக்கு எதுக்கு?"னு என் கிளாஸ்மேட்ஸும் கேட்டாங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ஜப்பான் கம்பெனி டமியா, 1987ல 'க்ளாட் பஸ்டர்'னு ஒரு மான்ஸ்டர் டிரக்கை விட்டாங்க. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். அமெரிக்காவுல சில பேர் அந்த வண்டியைப் பிரிச்சு, அச்சுகளை மட்டும் எடுத்து, நடுவுல சொந்தமா ஒரு சட்டம் அடிச்சு மாட்டி, பாறையில ஏத்திப் பார்த்தாங்க. க்ராலர் பொழப்பு ஆரம்பிச்சதே இப்படி வீட்டு ஷெட்லதான். கம்பெனிங்க எல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டதுதான். இன்னிக்கு 2017ல வந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4 மாதிரி ஒரு வண்டி வாங்கணும்னா, நல்ல லேப்டாப் வாங்குற காசு ஆகும். நம்மகிட்ட லேப்டாப்புக்கே காசு இல்லை. அதனால என்ன... அவங்க முதல்ல செஞ்ச மாதிரியே செஞ்சுட்டுப் போறோம்!

தறி ஷெட் யுனிவர்சிட்டி

எங்க ஊர்னா உங்களுக்கு ஆடித்தபசு ஞாபகம் வரும், இல்லேன்னா பிரியாணி. எங்களுக்கு ஊர்னா தறிச் சத்தம். எங்க சித்தப்பா 22 வருஷமா விசைத்தறி பிட்டர். எட்டாம் கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம்.

லீவு நாள்ல வேலை பார்த்துச் சேர்த்த காசுல, 1:16 சைஸ் சீன டிரக் ஒண்ணு வாங்கினேன். செங்கல்லை அடுக்கி ஏத்திப் பார்த்தா, வீல் வெறிபிடிச்ச மாதிரி சுத்துது, வண்டி நகரல. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கூட்டினா மூக்கைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி விழுது. சித்தப்பா டீ கிளாஸோட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏலே, தறி மோட்டார் சுத்துற வேகத்துலயே நாடா ஓடுனா என்னல ஆவும்?"

"பிச்சுக்கிட்டுப் போயிரும் சித்தப்பா."

"அப்ப வேகத்தைக் கொறைடே. கொறைச்சாத்தான் பலம் வரும்."

இதைத்தான் காலேஜ்ல 'டார்க்', 'கியர் ரேஷியோ'ன்னு ரெண்டு செமஸ்டரா சொன்னாங்க. சம் போட்டு முழு மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அந்தச் செங்கல் பக்கத்துல நிக்கும்போதுதான் அது மண்டைக்குள்ள இறங்கிச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். மோட்டார் பல்சக்கரத்துல 12 பல், அது சுத்துற பெரிய சக்கரத்துல 60 பல். 5 சுத்துக்கு 1 சுத்து. அடுத்த கட்டத்துல 2.5, அச்சுல ஒரு 3. மூணையும் பெருக்கினா 37.5. மோட்டார் நிமிஷத்துக்கு 12,000 சுத்து சுத்தினா, வீல் 320 சுத்துதான். 11 சென்டிமீட்டர் டயருக்கு இது மணிக்கு ஆறரை கிலோமீட்டர் சொச்சம். ஃபுல் ஸ்பீடே நீங்க பஸ்ஸைப் பிடிக்க வேகமா நடக்கிற வேகம்தான். குறைஞ்ச வேகம் எல்லாம் எங்க போச்சு? உராய்வுல போனது போக, மிச்சம் இழுவிசையா மாறி வீலுக்கு வந்துடுது.

மோட்டார்லயும் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே செப்புக்கம்பி எத்தனை சுத்து சுத்தியிருக்குன்னு பாருங்க. சுத்து கம்மின்னா வேகம். க்ராலருக்கு 35, 45, 55 சுத்துன்னு அதிகமா இருக்கிற மோட்டார்தான் சரி. நிதானமா சுத்தும், கரன்ட்டும் கம்மியா குடிக்கும்.

டிஃபரன்ஷியலைப் பூட்டு!

கார் வளைவுல திரும்பும்போது வெளிவீல் அதிக தூரம் ஓடணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். ஆனா பாறையில ஒரு வீல் அந்தரத்துல தொங்கினா, இந்த டிஃபரன்ஷியல் காலை வாரிவிட்டுடும். தொங்குற வீல் சும்மா சுத்தும், தரையில இருக்கிற வீல் சும்மா நிக்கும். அதனால க்ராலர்ல ரெண்டு அச்சையும் பூட்டிடுவாங்க. எந்த வீல் தரையைத் தொட்டாலும் இழுக்கும். திரும்புறதுக்கு வட்டம் பெருசா வேணும், பரவாயில்லை.

அப்புறம் 'டிராக் பிரேக்'. பாறையில பாதி ஏறி ட்ரிக்கரை விட்டா, வண்டி சறுக்காம அங்கேயே நிக்கணும். வேகத்தைக் கட்டுப்படுத்துற எலெக்ட்ரானிக் போர்டுல இந்த வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சித்தப்பாவுக்கு இதை ரெண்டே வார்த்தையில விளக்கினேன். "தேருக்குப் போடுற முட்டுக்கட்டை சித்தப்பா." தலையை ஆட்டிட்டார்.

கனம் கீழே!

இதுதான் மெயின் மேட்டர். காசு செலவே இல்லாம வண்டியைப் பாதி மாத்திடலாம். எடையைக் கீழேயும் முன்னாடியும் தள்ளுங்க. மொத்த எடையில முன்பக்கம் 55லிருந்து 60 சதவிகிதம் இருந்தா, ஏத்தத்துல மூக்கு தூக்காது. பேட்டரியை இன்ஜின் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டு வாங்க. கார் டயர் கடையில வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டுற எடைத்துண்டு தெரியுமில்ல? அதை முன் ரிம்முக்குள்ள சுத்தி ஒட்டிடுங்க. மேல் பாடி எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. பி.வி.சி. பைப்பை நீளவாக்குல அறுத்து, சூடு காட்டி, பலகைக்கு அடியில அமுக்கினா தட்டையான ஷீட் ரெடி. என் ஜீப்போட கதவு, கூரை எல்லாம் தண்ணி பைப்தான்! (சூடு பண்றதை வெளியில காத்தோட்டமா வெச்சுக்கோங்க, அந்தப் புகை நல்லதில்லை.)

ஸ்டியரிங் கம்பி ஒண்ணு சைக்கிள் ஸ்போக். கூடுதல் ஸ்ப்ரிங் ரெண்டு பால்பாயின்ட் பேனாவுல இருந்து வந்தது. சட்டம், 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை. ஓட்டை போட்டது சித்தப்பா. நான் ஸ்கேல் வெச்சுக் குறிச்சேன், அவர் கண்ணாலயே பார்த்து "அரை நூல் தள்ளுடே"ன்னார். அவர் சொன்னதுதான் சரியா இருந்துச்சு.

ரேடியோவைப் பத்தியும் ஒரு வார்த்தை. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுல, பக்கத்துல ஒருத்தர் அதே கிரிஸ்டல் வெச்சு ஓட்டினா உங்க வண்டி அவர் பேச்சைக் கேக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வந்ததும் அந்தத் தலைவலி போச்சு. இந்தியாவுல அந்த அலைவரிசையில குறைஞ்ச சக்தி கருவிகளுக்கு 2005லயே லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். லிப்போ பேட்டரி! ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பேலன்ஸ் சார்ஜர்லதான் சார்ஜ் போடணும், பக்கத்துல ஆள் இருக்கணும். உப்பின பேட்டரியைத் திரும்பத் தொடாதீங்க. ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில சார்ஜ் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நிலாவுல ஓடின அண்ணன்

"பொம்மையை வெச்சு என்ன கிழிக்கப் போறே?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். 2023 ஆகஸ்ட் 23ந் தேதி சந்திரயான்-3 நிலாவுல இறங்குச்சே, அதுல இருந்து வந்த பிரக்யான் ரோவரோட எடை 26 கிலோ. ஆறு வீல். வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். நாலு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 27ந் தேதி, 3 மீட்டர் முன்னாடி 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். என்ன செஞ்சாங்க? நிறுத்தி, வந்த வழியே திருப்பி, வேற பாதையில ஓட்டினாங்க. மொத்தமா ஓடினது 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதைத்தான் உலகமே எழுந்து நின்னு பார்த்துச்சு. அந்தத் திட்டத்தோட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துல பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ படிச்சவர். நிலாவோட மண்ணு மாதிரியே மண்ணு தயார் பண்ண கல்லு போனதும் நம்ம நாமக்கல் பக்கத்துல இருந்துதான்.

இதைச் சொல்றதால க்ராலர் செஞ்சா இஸ்ரோவுல வேலை கிடைக்கும்னு அர்த்தம் இல்லை. கிடைக்காது. கேம்பஸ் இன்டர்வியூவுல இதைக் கேக்கவும் மாட்டாங்க. வாங்கின டிரக், பேட்டரி, சார்ஜர், மோட்டார்னு எட்டு மாசத்துல எனக்கு ஆனது 11 ஆயிரம் சொச்சம். வீட்டுக் கஷ்டத்துல இது சின்னக் காசு இல்லை. அப்பாகிட்ட கேக்காம, சொந்தமா சம்பாதிச்சு, ஒவ்வொரு பார்ட்டா வாங்க முடிஞ்சா மட்டும் இறங்குங்க.

ஓட்டுற இடம்? தண்ணி இல்லாத ஓடையும், வீடு கட்டுற இடத்துல கிடக்கிற ஜல்லியும் போதும். கழுகுமலை பக்கத்துலதான் இருக்கு, பாறையும் சூப்பர்னு அங்கே தூக்கிட்டுப் போயிடாதீங்க. வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு. போன வருஷம் சித்தப்பா வேலை பார்த்த ஷெட்ல நாலு தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டாங்க. தொழில் டல். அவரோட ரெண்டு பசங்களும் திருப்பூர்ல. "தறிப் பக்கமே வராதீங்கடே"ன்னு அனுப்பி வெச்சதே அவர்தான். எடை போடுறதுக்கு முன்னாடி, அந்தத் தறிகள்ல இருந்து பல்சக்கரம், பேரிங்னு ஒரு டப்பா நிறைய கழட்டி வெச்சுக்கிட்டார். எதுக்குன்னு கேட்டேன். "சும்மா இருக்கட்டும்"னார். என் வண்டிக்கு அது எதுவும் பொருந்தாது, ரொம்பப் பெருசு. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த டப்பாவைத் திறந்து, ஒவ்வொண்ணா எடுத்து, இது எங்கே மாட்டும், ஏன் தேயும்னு அவர் சொல்றார். நான் நோட்டுல படம் போட்டு எழுதிக்கிறேன். இதுவரைக்கும் 31 பக்கம் வந்திருக்கு. இதெல்லாம் எந்த சிலபஸ்லயும் இல்லை.

உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். மோட்டார் காயில் கட்டுறவர், லேத் ஓட்டுறவர், பம்ப்செட் மெக்கானிக்... உடைஞ்ச ஒரு பொம்மை வண்டியைக் கையில எடுத்துக்கிட்டு அவர்கிட்ட போங்க. சந்தேகம் கேக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அவர் கடையைப் பூட்டுறதுக்குள்ள போயிடுங்க. அந்த ஒரு விஷயத்துல மட்டும் மெதுவா போகாதீங்க!