நாரி தந்த பாடம்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் எமது வீட்டு நீரிறைக்கும் இயந்திரம் பழுதாயிற்று. கிணற்றடியில் கப்பிக்கும் கயிற்றுக்கும் மீண்டும் வேலை வந்தது. எண்பது வயதைக் கடந்த எம் தந்தையார் வாளியை எடுக்க எழுந்தார். “நீங்கள் இருங்கோ ஐயா” என்று தடுத்தோம்.

“அப்ப காலைத் திருப்பி ஊத்து தம்பி. நாரியை முறுக்காதை” என்றார் அவர்.

வாழ்நாளெல்லாம் கமத்திலே நீர் இறைத்தவரின் சொல் அது. பட்டம் பெற்ற எமக்கோ அது முதியவர் ஒருவரின் வீண் அச்சமாகவே பட்டது. பாதங்களை ஊன்றியபடியே நின்று, குனிந்து வாளியைத் தூக்கி, வலப்புறத் தொட்டியை நோக்கி உடலை முறுக்கி ஊற்றினோம். ஏழாவது வாளியில் நாரி பிடித்துக்கொண்டது.

மூன்று கிழமை பெரும்பாடு பட்டோம். வகுப்பிலே கரும்பலகைக்குத் திரும்புவதென்றால் மரப்பொம்மைபோல முழு உடலையும் திருப்ப வேண்டியிருந்தது. மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒரு சிறு திருப்பத்துக்குப் பின்னால் எத்தனை தசைகளின் உழைப்பு உண்டு என்பதை அறியும் ஆவல் அப்போதுதான் எமக்குப் பிறந்தது. படுக்கையில் கிடந்தபடியே உடற்கூற்று நூல்களைப் புரட்டினோம்.

வயிற்றின் இரு பக்கங்களிலும் சரிவாக ஓடும் தசைகள் இரண்டு அடுக்காக உள்ளன. வெளிச் சரிவுத்தசையின் நார்கள் விலாவிலிருந்து கீழ்நோக்கி நடுவயிற்றுக்கு வருகின்றன. உட்சரிவுத்தசையின் நார்கள் இடுப்பெலும்பிலிருந்து மேல்நோக்கி நடுவயிற்றுக்குச் செல்கின்றன. நாம் வலப்புறம் திரும்பும்போது இடப்பக்கத்து வெளித்தசையும் வலப்பக்கத்து உட்டசையும் ஒருங்கே சுருங்குகின்றன. இடது விலாவிலிருந்து வலது இடுப்புவரை ஒரே கயிறு இழுப்பதுபோல அவை இழுக்கின்றன. பக்கத்தால் வேறுபட்டவை செயலால் ஒன்றாகின்றன.

எஞ்சிய இரண்டும் சும்மா இருப்பதில்லை. அவை மெல்ல மெல்ல நீண்டு இடங்கொடுக்கின்றன. திருப்பம் எல்லை மீறாமல் பிடித்தும் கொள்கின்றன. இவற்றுக்கும் உள்ளே, குறுக்குத்தசை அரைக்கச்சைபோல வயிற்றைச் சுற்றி இறுக்குகிறது. சரிவுத்தசைகள் உடலைத் திருப்பும்போதே முன்புறம் வளைக்கவும் முயலும். அவ்வளைவைத் தடுத்து உடலை நிமிர்த்தி வைத்திருப்பவை முள்ளந்தண்டை ஒட்டிய முதுகுத் தசைகள். இழுப்பவர், இடங்கொடுப்பவர், தாங்குபவர் என மூவகையினரும் கூடினால்தான் ஒரு திருப்பம் கைகூடும். குடும்பம் நடத்துவோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

தந்தையாரின் சொல்லுக்கும் அந்நூல்களிலே காரணம் இருந்தது. நாரி முள்ளென்புகள் 5. அவற்றின் மூட்டுகள் குனிந்து நிமிர இசைந்தவை. முறுக்குவதற்கு இசைந்தவை அல்ல. ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய 1 அல்லது 2 பாகையே திரும்பும். உடலின் திருப்பத்திலே பெரும்பங்கு, மேலேயுள்ள 12 நெஞ்சறை முள்ளென்புகளுக்கும் கீழேயுள்ள இடுப்பு மூட்டுகளுக்கும் உரியது. பாதத்தை ஊன்றிவிட்டால் இடுப்பு மூட்டுகள் தம் பங்கை முழுமையாகச் செய்ய இயலாது. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டின் நார்களோ, அடுக்குக்கு அடுக்கு எதிரெதிராகச் சரிந்தவை. ஒரு பக்கம் முறுக்கினால் அவற்றுள் பாதி இறுகும், பாதி தளரும். குனிந்த நிலையிலே பாரத்தையும் ஏந்திக்கொண்டு முறுக்குவோமானால் நாரி எவ்வாறு பொறுக்கும்?

நாரி தேறியபின் ஒரு நாள் மாலை இவற்றையெல்லாம் தந்தையாருக்கு விளக்கினோம். பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, “அதைத்தானே நானும் சொன்னனான்” என்றார். எமக்கு மறுமொழி இல்லை.

இப்போது நாம் வாளியோடு பாதங்களையும் திருப்புகிறோம். வேறொன்றையும் கண்டுகொண்டோம். பின்னாலிருந்து அழைத்தால் தந்தையார் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதில்லை. கைத்தடியை ஊன்றி, சிறு அடிகளாக எடுத்துவைத்து, முழு உடலோடும் திரும்புகிறார். இத்தனை காலம் அதனை நாம் கவனித்ததே இல்லை. ஆகையால் இப்பொழுதெல்லாம் அவரைப் பின்னாலிருந்து அழைப்பதை விட்டுவிட்டோம். அவர் முன்னே சென்று நின்றே பேசுகிறோம்.