முடத்தெங்கு

முப்பத்திரண்டு வயதில் ஆசிரியராகப் போகிறேன் என்று சொல்பவனிடம் எல்லோரும் முதலில் சம்பளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அடுத்து, "தமிழ் ஆசிரியரா?" என்கிறார்கள். அந்த 'தமிழ்' மீது விழும் அழுத்தத்தில் ஒரு பரிதாபம் இருக்கும். என் அம்மாகூட அப்படித்தான் கேட்டார்.

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். பட்டறை மொழியில் 'சேஃப்டி'. பெயர் யாருக்கும் தெரியாது. "சேஃப்டி வர்றாரு" என்றால் தலைக்கவச வார்களை அவசரமாக மாட்டிக்கொள்வார்கள். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள், வேலை முடிந்ததும் துவாஸ் கிரெசெண்ட் நிலையத்தில் ரயிலேறி, கிளமெண்டியில் இறங்கி, பேருந்து பிடித்து, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். அது சிம் பல்கலைக்கழகமாக இருந்தபோது, 2006-இல் தொடங்கிய பகுதிநேரத் தமிழ் இளங்கலை அங்கே நடக்கிறது. ஏழு மணிக்கு வகுப்பு. காலணியில் துரு ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பாலர்பள்ளி ஆசிரியைகள், துணைப்பாட ஆசிரியர்கள். எண்ணெய் வாசத்தோடு வருகிறவன் நான் ஒருவன்தான்.

பட்டம் முடிந்தால் அடுத்த படி தேசியக் கல்விக் கழகம். அது நான் தினமும் கடந்துபோகும் வழியில்தான் இருக்கிறது. பூன் லேயில் இறங்கி பேருந்து ஏறினால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1973-இல் கல்விக் கழகமாகி, 1991-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2000-இல் அந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம். இந்த ஊரில் அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் அதன் வாசலை மிதித்தாக வேண்டும். அங்கே சேரும் முறை எளிது என்று சொல்ல முடியாது, ஆனால் தெளிவானது. முதலில் கல்வி அமைச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. இவன் பிள்ளைகளோடு ஒத்துப்போவானா என்று பார்க்கிறது. பிறகுதான் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் சம்பளமும் உண்டு. முடித்ததும் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு.

இதை ஒருநாள் மதிய உணவு நேரத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சாரம் கட்டும் அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"படிக்கும்போதே சம்பளமா தம்பி?"

"ஆமாண்ணே."

"எங்கூர்ல நாங்க பணம் கட்டி பி.எட் படிச்சோம். முடிச்சுட்டுத்தான் வேலைக்கு வரிசையில நின்னோம். இன்னும் நிக்கிறேன்."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, அவர் எம்.ஏ. தமிழ், பி.எட். என்பது. இரண்டு வருடம் ஒரே தளத்தில் வேலை பார்த்திருக்கிறோம். அவர் சாரம் கட்டுவார். நான் அதில் பச்சை அட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஊர். பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தில் படித்தவர். 2015-இல்தான் அது இரண்டாண்டாக மாறியது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு, தமிழ்நாட்டில் முதன்முதலில் 2012 ஜூலையில் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் எழுதிய அந்தத் தேர்வில் தேறியவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. அண்ணன் அதில் தேறவில்லை. 2013-இல் மறுபடி எழுதித் தேறினார். 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, அவர் 94. தேர்ச்சி என்றால் வேலை என்று பொருளில்லை. மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்துப் போட்ட தரவரிசையில் அவர் கீழே போய்விட்டார். ஒரு தனியார் பள்ளியில் மாதம் 7,500 ரூபாய்க்கு வேலை பார்த்தார். தங்கச்சி கல்யாணம் வந்தது. ஏஜென்டிடம் கட்டக் கடன் வாங்கி, 2015-இல் சாரம் கட்ட சிங்கப்பூர் வந்தார். வந்த பிறகு 2018-இல் ஓர் அரசாணை: தகுதித் தேர்வில் தேறியவர்களும் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

"சர்ட்டிஃபிகேட்டுக்கு ஏழு வருசம்தான் ஆயுசுன்னு அப்ப சொல்லியிருந்தாங்க. 2020-ல அது செத்தப்ப நான் டார்ம்ல பூட்டிக் கெடந்தேன். பன்னெண்டு பேரு ஒரே ரூம்ல. வெளிய விடல. மறு வருசம் ஆயுள் முழுக்கச் செல்லும்னு அறிவிச்சாங்க. எனக்கும் அதுக்கும் ஒரே நேரத்துல உசிரு வந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து மதிய உணவு இடைவேளையில் எனக்கு இலக்கணப் பாடம் தொடங்கியது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தமிழ் எனக்கு ஒரு பாடம்; வாரத்தில் சில மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரும் வீடு. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. நான் பிறப்பதற்கு முன்பே, எல்லாப் பாடத்தையும் தமிழில் படிக்கும் காலம் முடிந்துவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2.5. எங்கள் வீடு எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. அம்மா தமிழில் கேட்பார், நானும் தங்கையும் ஆங்கிலத்தில் பதில் சொல்வோம்.

என் தமிழ் துவாஸில்தான் பழுதுபார்க்கப்பட்டது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், கடலூர் என்று நாற்பது பேர் பேசும் இடத்தில் ஒன்பது வருடம் நின்றால் காது தானாகத் திறக்கும். 'அங்கிட்டு', 'வெள்ளனவே' என்பதெல்லாம் நான் பாடநூலில் படித்தவை அல்ல.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் 'டூல்பாக்ஸ் மீட்டிங்' நடத்துவது என் பொறுப்பு. பத்து நிமிடம். இன்றைக்கு என்ன வேலை, எதில் ஆபத்து, யாருக்கு எந்த பெர்மிட். பட்டறையில் எல்லா அறிவிப்புப் பலகையும் நான்கு மொழியில் இருக்கும். தொட்டியின் வாயில் தமிழில் 'வரையறுக்கப்பட்ட இடம்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பட்டறையில் எவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. 'டேங்க் உள்ள' என்பார்கள், அல்லது 'கன்ஃபைண்ட்'.

ஒரு காலையில் நான் விதியைச் சொன்னேன்: உள்ளே போவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது, 23.5-க்கு மேல் போகவும் கூடாது. புதிதாக வந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான். "ஒரு நாத்தமும் இல்லையேண்ணே. வெறும் டேங்க்தான். எதுக்கு மெஷின்?"

நான் விதியை மறுபடி சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பின்வரிசையிலிருந்து கேட்டார். "டேங்க் செவுத்துல என்ன இருக்கு?"

"துருண்ணே."

"துரு எப்பிடி வருது?"

"தண்ணி பட்டா."

"தண்ணி மட்டும் போதுமா?"

அவன் யோசித்தான். "காத்தும் வேணும்."

"காத்துல எது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவனே சொன்னான், "ஆக்சிஜன்."

"மூடிக் கெடந்த டேங்க்ல ரெண்டு மாசமா துரு ஏறுது. அப்ப உள்ள இருந்த ஆக்சிஜன் எங்க போச்சு?"

அவன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது பேரும் பார்த்தார்கள். இரும்பு தன் பங்குக்குக் காற்றைத் தின்றிருக்கிறது, தின்றதற்கு வாசனை கிடையாது என்பது அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அதன் பிறகு யாரும் மெஷின் எதற்கு என்று கேட்டதில்லை.

மதியம் அண்ணனிடம் கேட்டேன், இதை எங்கே கற்றீர்கள் என்று. "கிளர்வினா தம்பி. பி.எட்-ல நுண்ணிலைக் கற்பித்தல்னு ஒண்ணு உண்டு" என்றார். ஒரு முழுப் பாடத்தையும் நடத்தாமல், ஐந்தாறு நிமிடத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது: தொடங்கும் திறன், வலுவூட்டும் திறன், கேள்விமேல் கேள்வி கேட்டு விடையை மாணவன் வாயிலிருந்தே வரவழைக்கும் திறன். கேட்டுக்கொண்டிருக்கும் சக மாணவர்கள் குறை சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான முறை, புதுக்கோட்டை வழியாகத் துவாஸ் வந்து, ஒரு பையனைத் தொட்டிக்குள் அவசரமாக இறங்காமல் தடுத்தது.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, அது யாரும் பேசாத மொழியாகத் தோன்றிவிடும் என்பது அதற்குப் பின்னிருந்த கவலை. அன்றிலிருந்து 'தகுபேச்சுத் தமிழ்' என்ற சொல் இங்கே ஒவ்வொரு தமிழாசிரியரின் நாக்கிலும் இருக்கிறது. எனக்கு அந்தக் கொள்கையில் முழு நம்பிக்கை. 'வரையறுக்கப்பட்ட இடம்' என்ற பலகையே எனக்குச் சாட்சி.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பேச்சுத் தமிழ் எங்க புள்ளைங்களுக்கு வீட்ல கெடைக்கும். பள்ளிக்கூடம் எதுக்கு? வீட்ல கெடைக்காதத குடுக்க. உங்க ஊர்ல வீட்லயும் கெடைக்கல, அதனால பள்ளிக்கூடத்துல குடுக்குறீங்க. சரி. அப்ப எழுத்துத் தமிழ யார் குடுப்பா?"

"முதல்ல பேச வரட்டும்ண்ணே. அப்புறம் படிப்பாங்க."

"அப்புறம்னு ஒண்ணு வந்தா சரி. பேச்சோட விட்டா, அவன் பலகையப் படிக்கவே மாட்டான். அப்ப நீங்க இல்லாத எடத்துல அவனுக்கு யார் சொல்லுவா?"

இதற்கு இன்னும் எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் இதே பொருளில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவர் கேள்வியைத்தான் மையமாக வைத்து எழுதினேன்.

நன்னூல் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமைகள் வருகின்றன. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு: கழற்காய் போட்ட குடம், கருக்கு மட்டை சூழ்ந்த பனை, பஞ்சடைத்த குடுக்கை, முடத்தெங்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்த எனக்கு அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். குடத்தில் வரிசையாகப் போட்ட காய், கவிழ்த்தால் கண்டபடி கொட்டும். படித்ததை ஒழுங்கில்லாமல் கொட்டுகிறவன் அவன். பனையை நெருங்கவே முடியாது. குடுக்கைக்குள் பஞ்சை அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. முடத்தெங்கு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் வேலிக்குள் நிற்கும். சாய்ந்து வளர்ந்து, அடுத்தவன் தோட்டத்தில் காயைப் போடும்.

"கடைசி ஆளு நான்தான்" என்றார். "தண்ணி ஊத்துனது எங்கப்பா. காய் விழுறது துவாஸ்ல."

நான் மறுக்கப் பார்த்தேன். நன்னூலார் அதை ஆசிரியரின் குற்றமாகச் சொல்கிறார், ஆனால் மரம் ஏன் சாய்ந்தது என்று அவர் கேட்கவில்லையே என்றேன். அண்ணன் சோற்றுப் பெட்டியை மூடினார். "பரீட்சையில அப்பிடி எழுதிடாதீங்க. மார்க் போகும்."

ஒரே தொழிலுக்குப் படித்த இருவர் நாங்கள். பத்து வயது வித்தியாசம். அவருக்குத் திறமை என்னைவிட அதிகம். இதில் அடக்கம் எதுவும் இல்லை, நாற்பது பேர் சாட்சி. எனக்கு இருப்பது, முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பிறகு பயிற்சி தரும் ஓர் ஊரும், தமிழாசிரியர் தேவைப்படும் ஒரு காலமும். அவருக்கு வாய்த்தது, முதலில் எல்லோருக்கும் பட்டம் கொடுத்துவிட்டுப் பிறகு வரிசையில் நிறுத்தும் முறை. வாய்ப்பை அளவாக வைத்தால் நான் முன்னால் நிற்கிறேன். இதைக் குற்றவுணர்வாக்கிக்கொள்வதில் யாருக்கும் பயனில்லை. ஆனால் வகுப்பறையில் நிற்கும்போது, பிள்ளைகளிடம் 'உழைத்தால் உயரலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடியாது.

அடுத்த மாதம் எனக்கு நேர்காணல். தேர்ந்தெடுத்தால் பட்டறையை விட்டுவிடுவேன். தொடக்கத்தில் சம்பளம் குறையும், மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டோம். அண்ணன் என்னை விடவில்லை. போன வாரம் ஓய்வு நேரத்தில் நான்கு பேரை உட்கார வைத்து, ஆறு நிமிடத்தில் வினைத்தொகை நடத்தச் சொன்னார். நடத்தினேன். "கேள்வி கேக்குறீங்க, பதிலுக்குக் காத்திருக்க மாட்டேங்கிறீங்க. மூணு எண்ணுங்க. அப்புறமா வாயத் தெறங்க" என்றார். மறுநாள் மறுபடி நடத்தினேன்.

அவர் ஒவ்வொரு இரவும் எட்டரை மணிக்கு, நான்காம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கைப்பேசியில் பாடம் சொல்லித் தருகிறார். போட்டித் தேர்வுக்கான புத்தகம் தலையணைக்கடியில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய் எழுதுவேன் என்கிறார். போன வருடமும் அதைத்தான் சொன்னார்.

நேற்று அவருடைய பழைய நுண்ணிலைக் கற்பித்தல் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு அட்டை, கறுத்துப்போன ஓரம். ஊரிலிருந்து யாரோ வந்தபோது எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வையாளரின் சிவப்பு மைக் கையெழுத்து. நெகிழ்ந்துபோய், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வெச்சுக்கிறதுக்கு இல்ல தம்பி. பாத்துட்டுத் திருப்பிக் குடுங்க" என்றார். "எனக்கு வேணும்."