மகிழ்மதிக்கு ஒரு நாள்

ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் போதும். இந்த ரயில் நிலையம் காலையில் மதுரைக்குப் பக்கத்திலும் மாலையில் பஞ்சாபிலும் இருக்கும். நடைமேடை உண்டு, சிமெண்ட் பெஞ்சு உண்டு, ரயில் பெட்டிகளும் உண்டு. அவை எங்கும் போவதில்லை. சற்றுத் தள்ளி ஒரு விமான நிலையம். இன்னும் சில கட்டடங்களுக்கு நான்கு பக்கமும் நான்கு முகம். ஒரு பக்கம் படம் பிடித்தால் ஒரு கட்டடம், சுற்றிப் போய் மறுபக்கம் பிடித்தால் அதுவே வேறொரு கட்டடம்.

ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில், ஹயாத்நகரைத் தாண்டி, அப்துல்லாபூர்மெட் பகுதியின் பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ராமோஜி திரைப்பட நகரம். நகரின் நடுவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். 'ஈநாடு' பத்திரிகையின் நிறுவனர் ராமோஜி ராவ் 1996-இல் இதைத் தொடங்கினார். 1,666 ஏக்கரில் விரிந்து கிடக்கும் இதை உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. கதையோடு வந்து படப்பெட்டியோடு திரும்பலாம் என்பதே இதைக் கட்டியதன் நோக்கம். 2024 ஜூன் 8-ஆம் தேதி ராமோஜி ராவ் காலமானபோது இறுதிச் சடங்கும் இங்கேயே நடந்தது.

ஆனால் இங்கே தினமும் வந்திறங்கும் கூட்டத்துக்குப் படத் தயாரிப்பு பற்றி அக்கறை இல்லை. பாதிப் பேர் குழந்தைகளை அழைத்து வந்தவர்கள். அதிலும் கணிசமானவர்கள், குழந்தையின் சட்டையையும் தலைப் பூவையும் பார்த்தாலே தெரியும், பிறந்தநாளுக்காக வந்தவர்கள்.

நான் போனதும் அதற்காகத்தான். நாக்பூரில் இருக்கும் தங்கையின் மகளுக்கு வரும் ஜனவரி 12-ஆம் தேதி எட்டு வயது நிறைகிறது. பொங்கலுக்குப் பாட்டி வீடான எங்கள் சிகந்திராபாத்துக்கு வருகிறார்கள். கேக் வேண்டாம், பொம்மை வேண்டாம், மகிழ்மதிக்குப் போக வேண்டும் என்பது அவள் உத்தரவு. 'பாகுபலி' 2015-இல் வெளிவந்தபோது அவள் பிறக்கவே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகிவிட்டது. "அக்கா, நீ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. அஞ்சு பேர் போறோம், டிக்கெட்டு, சாப்பாடு, கார் வாடகைன்னு கணக்குப் போட்டா சின்னத் தொகை இல்ல" என்றாள் தங்கை. நியாயமான பேச்சு. கட்டணம் சாதாரண நாளுக்கு ஒரு மாதிரி, விழாக்காலத்துக்கு ஒரு மாதிரி. குளிர்சாதனப் பேருந்தும் மதியச் சாப்பாடும் சேர்ந்த உயர்ந்த வகைச் சீட்டும் உண்டு. போகும் நாளின் கட்டணத்தை அந்த வாரத்திலேயே விசாரித்துக்கொள்வதே உத்தமம். நவம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

முதல் சிக்கல் தேதியிலேயே இருக்கிறது. மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. சங்கராந்திக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஹைதராபாத்தே காலியாகிறது. கோதாவரி, கிருஷ்ணா மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் அத்தனையும் மூட்டை முடிச்சுடன் விஜயவாடா சாலையில் இறங்குகின்றன. எல்.பி. நகரில் தொடங்கும் வாகன வரிசை, வெளிவட்டச் சாலை வந்து சேரும் பெத்த அம்பர்பேட்டையையும் கடந்து, சுங்கச் சாவடி வரை ஊர்ந்துகொண்டிருக்கும். திரைப்பட நகரம் அதே சாலையில்தான் இருக்கிறது. ஜனவரி 12 என்பது அந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ள உகந்த நாள். குழந்தையோடு போக உகந்த நாள் அல்ல. பண்டிகை முடிந்த வார இறுதியில் அதே கூட்டம் திரும்பி வரும்.

நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. போனவர்கள் போய்ச் சேர்ந்து, திரும்புகிறவர்கள் இன்னும் கிளம்பாத நாள். ஆந்திரர்களுக்கு அது கனுமா. நமக்கு மாட்டுப் பொங்கல். மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு மாட்டுப் பொங்கல் வெறும் விடுமுறைதான் என்பதால் அம்மாவிடமிருந்தும் எதிர்ப்பு இல்லை. பண்டிகைக் கூட்டம் உள்ளே இருக்கும். ஆனால் சாலையாவது சும்மா இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றுவிட்டால் பாதிக் கவலை தீரும். எல்.பி. நகர் வரை மெட்ரோ ரயில் 2018-லிருந்தே ஓடுகிறது. அங்கிருந்து அரசுப் பேருந்தும் கிடைக்கும். பாட்டியோடும் குழந்தையோடும் போகிறவர்கள் கார் எடுப்பது நல்லது. மாலையில் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது.

சீட்டு வாங்கியதும் சுற்றுலாத் தலம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வாசலிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். யுரேகா என்ற வளைவும் கோட்டையுமான இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஆட்டம் பாட்டத்துடன் வரவேற்பு நடக்கிறது. அதற்குப் பிறகு பக்கவாட்டில் திறந்த சிவப்புப் பேருந்துகளில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வழிகாட்டி இந்தியிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, இந்தப் படிக்கட்டில் எந்தப் படத்தின் எந்தப் பாட்டு என்று சொல்லிக்கொண்டே வருகிறார். முகலாயத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், லண்டன் தெரு, தென்னிந்தியக் கிராமம். பெரியவர்களுக்குச் சுவாரசியம்தான். என் முன்னிருக்கையில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் இருபது நிமிடத்தில் தூங்கிப்போனான்.

இங்கேதான் திட்டம் வேண்டும் என்று தோன்றியது. பட்டாம்பூச்சித் தோட்டம், பறவைப் பூங்கா, முரட்டுக் குதிரைவீரர்களின் சண்டைக் காட்சி, இருட்டில் பயமுறுத்தும் குகை, சிறுவர்களுக்கான ஃபண்டுஸ்தான், உலக நகரங்களைச் சிறு ரயிலில் சுற்றிக் காட்டும் 'ஃபில்மி துனியா' என்று காட்சிகளுக்குக் குறைவே இல்லை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர், பெரும்பாலும் அப்பா, கையில் வரைபடத்துடன் மற்றவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தக் குடும்பங்களின் முகங்களைப் பார்த்தால் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களாகத் தெரியவில்லை. எட்டு வயதுக்கு ஒரு நாளில் நான்கு அதிசயங்கள் போதும் என்று முடிவு செய்தேன். அந்த நான்கில் முதலாவது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சினிமாவை எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டும் அரங்கு அது. பார்வையாளர்களிலிருந்து சிலரை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். 'ஷோலே'யில் பசந்தி குதிரை வண்டியில் தப்பி ஓடுவாளே, அதைப் போன்ற ஒரு காட்சி. வண்டி இருக்கிறது, அது ஓடுவதில்லை. அன்று ஏறிய பெண்மணிக்குச் சாட்டையைக் கொடுத்து வீசச் சொன்னார்கள். வண்டியைப் பிடித்து ஆட்டினார்கள். சபையே சிரித்தது, அவர் கூச்சத்தில் நெளிந்தார். எல்லோரும் அடுத்த அறைக்குப் போனோம். அங்கே குளம்புச் சத்தமும் சக்கரச் சத்தமும் சாதாரணப் பொருட்களைத் தட்டியும் சுழற்றியும் உண்டாக்கப்பட்டன. இதற்கும் கூட்டத்திலிருந்துதான் ஆட்கள். மூன்றாவது அறையில் விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். புழுதி பறக்கக் குதிரைகள் பாய, ஓடாத வண்டியில் உட்கார்ந்திருந்த அதே பெண்மணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாட்டையைச் சுழற்றினார். அவருடைய இரண்டு குழந்தைகளும் "அம்மா! அம்மா!" என்று அலறியதில் வசனம் எதுவும் காதில் விழவில்லை.

ஏமாற்று வேலை என்று தெரிந்தால் குழந்தைகள் வாடிவிடுவார்கள் என்பது பெரியவர்களின் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மகிழ்மதி அரங்குக்குப் போனபோது அது தீர்ந்தது. படத்துக்காக சாபு சிரில் அமைத்தவற்றில் ஒரு பகுதியைச் சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கிறார்கள். திரையில் வானைத் தொட்ட கோபுரங்கள் இங்கே இல்லை. அவை கணினியில் கட்டப்பட்டவை. எஞ்சியிருக்கும் தூண்களும் சிலைகளும் கல்லைப் போலத் தோன்றுகின்றன, கல் அல்ல. என்னோடு வந்த நடுவயதுக்காரர் ஒருவர், சேலத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது, "இவ்வளவுதானா?" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டார். அவருடைய பெண் குழந்தையோ ஒரு தூணை விரல் முட்டியால் தட்டினாள். தொம் என்று சத்தம் வந்தது. அடுத்த தூணைத் தட்டினாள். பிறகு ஓடி ஓடி எதையெல்லாம் தட்ட முடியுமோ அதையெல்லாம் தட்டிக் காது வைத்துக் கேட்டு, "இதுவும் பொய்! இதுவும் பொய்!" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் அவள் தட்டிய அப்பாவின் முதுகு மட்டும்தான் நிஜம்.

மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பதால் எனக்கு அங்கே வேறொரு யோசனை ஓடியது. புராணங்கள் சொல்லும் மாஹிஷ்மதி கார்த்தவீரியார்ஜுனனின் தலைநகரம். நர்மதைக் கரையில் உள்ள இன்றைய மகேஷ்வர்தான் அது என்பது பலருடைய கருத்து. மகிஷம் என்றால் எருமை. தமிழ்ப் படத்தில் அது மகிழ்மதி ஆனபோது, ஒரே ஒரு எழுத்தில் எருமை இறங்கி மகிழ்ச்சி ஏறிக்கொண்டது. மாட்டுப் பொங்கலன்று அங்கே போவதும் ஒரு வகையில் பொருத்தம்தான். மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வ'னுக்கும் இந்த வளாகத்தில் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் சோழ நாட்டிலும் கொஞ்சம் தெலங்கானாவில்தான் இருக்கிறது.

தேதியையும் தூணையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று மிச்சமிருந்தது. குழந்தையின் அப்பா அவளிடம், "அங்க போனா பிரபாஸைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சும்மா ஒரு உற்சாகத்தில் சொன்னது. ஆனால் பார்க்க முடியாது. படப்பிடிப்பு நடக்கும் பகுதிக்குச் சுற்றுலாப் பேருந்து போவதில்லை. எங்கோ ஒரு மதிலுக்கு அப்பால் விளக்குக் கம்பங்களும் வேன்களும் கண்ணில் பட்டால் அதுவே அதிர்ஷ்டம். இரண்டு உலகங்களையும் கலக்காமல் நடத்துவதில்தான் இந்த இடத்தின் வெற்றி இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு வாக்களித்த அத்தனையும் நேரம் தவறாமல் கிடைக்கிறது; வாக்களிக்காத எதுவும் கிடைப்பதில்லை.

1990 வாக்கில் பள்ளிச் சுற்றுலாவில் எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். மெரினா, வண்டலூர் ஆனபின் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ வாசலில் பேருந்தை நிறுத்தினார்கள். எங்களுக்காக அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு, காவலாளி மனம் இரங்கிப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார். கூரை இல்லாத ஒரு வீடு. மரத்தடியில், போலீஸ் உடுப்பில் இருந்த ஒரு வில்லன் நடிகர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு வருடம் அதையே பேசினோம். அந்தக் கோடம்பாக்கம் இன்று ஏது? ஜெமினி இருந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. வாஹினியின் இடத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும். தெலுங்குப் படக்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பே ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டார்கள். வடபழனியில் ஏவி.எம். 2023-இல் தன் பழைய கேமராக்களையும் கார்களையும் காட்சிக்கு வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறது.

பிரபாஸ் விஷயத்தை வாசலில் போய்ச் சொன்னால் அழுகை. இப்போதே சொன்னால் இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. அப்பா சொல்லத் தயங்கினார். அந்தப் பொறுப்பு பெரியம்மாவிடம் வந்தது. அன்று இரவே தொலைபேசியில் சொன்னேன். பிறந்தநாள் அன்று வீட்டில் கேக், நாலு நாள் கழித்து மகிழ்மதி என்றேன். "அப்ப அது பிறந்தநாள் இல்லையே" என்றாள். இரண்டு நாள் கொண்டாடுகிறோம் என்றதும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாள். பிரபாஸ் அங்கே இருக்க மாட்டார் என்று சொன்னபோது பேச்சு நின்றுவிட்டது. குதிரை வண்டிக் கதையைச் சொன்னேன்.

"குதிரை நிஜமா?"

"குதிரையே இல்ல. வண்டிதான்."

"அப்ப எப்படி ஓடும் பெரியம்மா?"

"ஓடாது. ஓடற மாதிரி தெரியும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யார் ஓட்டலாம்?" என்றாள்.

கூட்டத்திலிருந்து அவர்களே யாரையாவது கூப்பிடுவார்கள், யாரை என்று முன்கூட்டித் தெரியாது, கூப்பிடாமலும் போகலாம் என்று தெளிவாகச் சொன்னேன். இந்த முறை வாக்குறுதி எதுவும் தரவில்லை. மறுநாள் தங்கை பேசினாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் பட்டுப் பாவாடையைத்தான் அன்றைக்கு உடுத்துவேன், அதுதான் தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும் என்று மகள் சொல்லிவிட்டாளாம். அத்தனை புழுதியில் பட்டா என்று தங்கைக்குக் கவலை. பருத்திச் சட்டையும் நல்ல செருப்பும்தான் சரி என்பது என் கட்சி. நாக்பூரில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.