வட்டுக்கோட்டைக்கு வழி

“வட்டுக்கோட்டைக்கு வழி எது?” என்று கேட்டால் “துட்டுக்கு இரண்டு கொட்டைப்பாக்கு” என்று விடை வருமாம். கேட்டதொன்று, பெற்றதொன்று என்பதற்கு நம்மவர் எடுத்தாளும் பழமொழி இது. உண்மையில் அவ்வூருக்கு வழி காண்பது அரிதன்று. யாழ்ப்பாண நகரிலே பஸ் ஏறி, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று ஊர் ஊராகக் கடந்து சென்றால், ஒரு மணி நேரத்துக்குள் வட்டுக்கோட்டையில் இறங்கிவிடலாம். ஆனால், “நாம் யார்? எந்த நாட்டவர்?” என்று ஒரு சமுதாயம் வழி கேட்ட கதையையும் இப்பாதையிலேயே காணலாம்.

நகரை ஒட்டிய வண்ணார்பண்ணையில் அக்கேள்விக்கு முதலில் கிடைத்த விடை சமயமும் மொழியுமே. கிறித்தவப் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எதிர்த்தரப்பின் கருவிகளாகிய பள்ளிக்கூடத்தையும் அச்சியந்திரத்தையும் அவர் தமதாக்கிக்கொண்டார். சைவர் என்றும் தமிழர் என்றும் தலைநிமிரும் உணர்வு அதனால் வளர்ந்தது. ஆனால் சாதி வேலி அப்படியே நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வட்டுக்கோட்டையில் இறங்கியதும் பழைய தேவாலயமும் யாழ்ப்பாணக் கல்லூரியும் கண்ணிற் படுகின்றன. 1823இல் அமெரிக்க மிசனார் தம் செமினறியை நிறுவிய இடம் இதுவே. மதம் பரப்ப வந்தவர்கள் ஆங்கிலத்தோடு தமிழையும் ஊன்றிக் கற்பித்தார்கள். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஏடு தேடிப் பதிப்பித்தார். மிசனார் எதிர்பாராத விளைச்சல்! செமினறி 1855இல் மூடப்பட்டது. கல்லூரி 1872இல் எழுந்தது.

இக்கல்லூரி ஆசிரியர்களுள் ஒருவரே ஹன்டி பேரின்பநாயகம். 1924இல் அவரும் தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அவர்களுடைய தேசம் யாழ்ப்பாணம் மட்டுமன்று, இலங்கை முழுவதுமே. ஆண்டு மகாநாடுகளுக்குத் தெற்கிலிருந்து சிங்களத் தலைவர்களை அழைத்தார்கள். தீண்டாமையை எதிர்த்தார்கள். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளியபோது அவரை வரவேற்று மகிழ்ந்தார்கள்.

பின்னர் வந்தது 1931. டொனமூர் அரசியற்றிட்டம் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. பூரண சுயராச்சியம் தரவில்லை. அரைகுறை வேண்டாம் என்றனர் வாலிபர். அவர்களுடைய பகிஷ்கரிப்பு அழைப்பால் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. அது பெரும் பிழை, உரிய வேளையில் நம் குரல் சபையில் ஒலிக்காமற் போயிற்று என்பார் உளர். இருக்கலாம். ஆனால் இத்தீவு முழுமைக்கும் விடுதலை வேண்டி ஒரு குடாநாடு தன் பிரதிநிதித்துவத்தையே துறந்து நின்றதே, அதைச் சிறிதென்று தள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை.

1948இல் விடுதலை வந்தது. அடுத்த ஆண்டே மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். செல்வநாயகம் முதலியோர் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் செய்தவர்களும் சமஷ்டியையே கேட்டார்கள், பிரிவினையைக் கேட்கவில்லை.

வட்டுக்கோட்டைக் கல்லூரியிலிருந்து சிறிது தூரம் சென்றால் பண்ணாகம். 1976ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி, செல்வநாயகம் தலைமையில் அங்கே கூடிய தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணி, தனித் தமிழீழமே வழி எனத் தீர்மானித்தது. வரலாற்றிலே அதற்கு ‘வட்டுக்கோட்டைத் தீர்மானம்’ என்று பெயர். முழு இலங்கைக்கும் சுயராச்சியம் கேட்ட பகிஷ்கரிப்புக்கும் இதற்கும் இடையே நாற்பத்தைந்தே ஆண்டுகள். முன்னதிலே மாணவராய் ஊர்வலம் சென்றவர்கள், பின்னதைப் பேரப்பிள்ளைகளுக்குப் பத்திரிகையில் வாசித்துக் காட்டியிருக்கலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. 1983இல் மூண்ட போர் 2009இலேயே ஓய்ந்தது.

நாம் சென்ற நாள் பள்ளிக்கூட நாள். மணி அடித்ததும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிள்களில் வீதியை நிறைத்தனர். ஒரு சிறுவனை நிறுத்தி, “தம்பி, பண்ணாகத்துக்கு எந்த வழி?” என்று கேட்டோம். ஒரு காலை நிலத்திலே ஊன்றிக்கொண்டு, கையை நீட்டித் திருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு, “அங்க ஆரிட்டப் போறியள்?” என்று கேட்டான்.